வெளிநாட்டுக்குப் போறீங்களா? லேப்டாப்பை ஊரில் வாங்கலாமா, அங்கே போய் வாங்கலாமா?

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புபவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் விசா, தங்குமிடம், விமான டிக்கெட் பற்றிய கேள்விகள் ஓய்ந்ததும் அடுத்து வருவது இதுதான்: "லேப்டாப்பை இங்கேயே வாங்கிட்டு வரலாமா, இல்ல அங்க வந்து வாங்கலாமா?"

ஐந்து நிமிஷத்தில் பத்து பதில் வந்துவிடும். "இங்க விலை கம்மி." "அங்க கீபோர்டே வேற மாதிரி இருக்கும்." "கண்ணை மூடிட்டு மேக்புக் வாங்கிடு." எல்லாமே பாதி சரி. ஆனால் அந்த குரூப்பில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அந்த லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால், அதை யார் சரிசெய்து தருவார்கள்? யார் செலவில்?

லேப்டாப் வாங்கும்போது நாம் பார்ப்பது பிராசஸர், ரேம், வெயிட், விலை. வெளிநாட்டில் வாழப்போகிறவர்களுக்கு இதையெல்லாம் விட முக்கியமானது, அந்த லேப்டாப்புக்குப் பின்னால் நிற்கும் கடை, வாரண்டி, சட்டம் ஆகிய மூன்றும்தான். அதனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியான பதில்: அடுத்த இரண்டு வருஷம் எந்த நாட்டில் இருக்கப்போகிறீர்களோ, அந்த நாட்டிலேயே வாங்குங்கள்.

எல்லா நாட்டையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது என்பதால் ஜெர்மனியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் இன்று மிகப்பெரிய குழு. 2023-24 கல்வியாண்டில் மட்டும் சுமார் 49 ஆயிரம் பேர். தமிழ்நாட்டின் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இருந்து போகிறவர்களும் இதில் கணிசமாக உண்டு.

ஒரு லேப்டாப், ஒரு மாதச் செலவு

ஜெர்மனிக்கு மாணவர் விசா எடுப்பவர்கள் 'பிளாக்டு அக்கவுன்ட்' என்ற வங்கிக் கணக்கில் ஒரு வருஷத்துக்கான செலவுப் பணத்தை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான்.

ஒரு நல்ல புது லேப்டாப்பின் விலை ஆயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தொடும். அதாவது, கொண்டு போன லேப்டாப் நடுவில் செத்துப்போனால் ஒரு மாத வாழ்க்கைச் செலவு முழுசாகப் போகும். அதுவும் செமஸ்டர் தேர்வு நேரத்திலோ தீசிஸ் கொடுக்க வேண்டிய வாரத்திலோ ஆனால், பணத்தோடு சேர்த்து நேரமும் போகும்.

ரிச்சி தெரு இல்லாத ஊர்

சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கீல் உடைந்தது, கீபோர்டில் டீ கொட்டியது, சார்ஜிங் பின் ஆடுவது என எதைக் கொண்டு போனாலும் "சாயங்காலம் வாங்க, பார்த்து வைக்கிறேன்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். மதர்போர்டில் எரிந்துபோன ஒரே ஒரு சின்ன சிப்பை மட்டும் மாற்றித் தருபவர்களும் அங்கே உண்டு. மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் இதன் சின்ன வடிவங்கள் இருக்கின்றன.

எந்த பிராண்டாக இருந்தாலும் நம் ஊரில் ஓரளவு நம்பி வாங்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வாரண்டி முடிந்தாலும், கம்பெனி கைவிட்டாலும், ஆயிரம் இரண்டாயிரத்தில் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடும். அது நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஷூரன்ஸ்.

ஜெர்மனியில் அந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. அங்கே ஒரு டெக்னீஷியனின் ஒரு மணி நேரக் கூலியே அதிகம். பெரும்பாலான சர்வீஸ் சென்டர்கள் சிப்பைத் தேடி உட்கார்ந்திருக்காமல் முழு போர்டையே மாற்றச் சொல்லும். பழைய லேப்டாப் என்றால், பில்லைப் பார்த்துவிட்டு "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

சின்ன லேப்டாப்புக்கு இந்தச் சிக்கல் ஏன் அதிகம்?

வெளிநாட்டு வாழ்க்கைக்குச் சின்ன லேப்டாப் தான் சரி என்பதில் சந்தேகமில்லை. அறை சின்னது. லைப்ரரி, டிராம், ரயில், பார்ட் டைம் வேலை என்று நாள் முழுக்க பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். விமானத்தில் கேபின் பேக் பெரும்பாலும் 7, 8 கிலோதான். கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் மாதிரியான சார்ஜரும் சேர்ந்தால் அதில் மூன்று கிலோவரை போய்விடும். இதற்கு எதிரே 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ.

ஆனால் லேப்டாப் சின்னதாக ஆக, அதைச் சரிசெய்வது கஷ்டமாகிறது. இடத்தை மிச்சப்படுத்த ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். ஒரு பாகம் போனால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்தே போக வேண்டிய நிலை.

லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ் வரிசையையே பாருங்கள். 2017-ல் வந்த எக்ஸ்270 மாடலில் ரேமைக் கழற்றி மாற்றலாம். பின்பக்க பேட்டரியை ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினாலே கையில் எடுத்துவிடலாம். அடுத்த வருஷம் வந்த எக்ஸ்280 இன்னும் மெலிசு, இன்னும் லேசு. ஆனால் ரேம் பற்றவைக்கப்பட்டது, பேட்டரி உள்ளே போய்விட்டது. ஒரே வருஷத்தில் சில நூறு கிராம் குறைந்தது. அதோடு சுலபமாக மேம்படுத்தும் வசதியும் போனது.

மெலிசுக்காக ரிஸ்க் எடுத்ததில் பெரிய பாடம் ஆப்பிளின் 'பட்டர்ஃப்ளை' கீபோர்டு. 2015-ல் 12 இன்ச் மேக்புக்கில் வந்தது. சின்னத் தூசி போனாலே எழுத்து விழாமல் போவது, ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை விழுவது எனப் புகார்கள் குவிந்தன. 2018-ல் இலவச ரிப்பேர் திட்டத்தை அறிவித்தது ஆப்பிள். 2019 கடைசியில் தொடங்கி 2020-க்குள் அந்த வடிவமைப்பையே கைவிட்டது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் 5 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்ய 2022-ல் ஒப்புக்கொண்டது. பிராண்ட் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முதல் தலைமுறை வடிவமைப்பை வாங்குபவர்தான் அதைச் சோதித்துப் பார்ப்பவர் ஆகிறார்.

அதனால் கடையிலேயே மெலிசானது எது என்று தேட வேண்டாம். 13 அல்லது 14 இன்ச் திரை, 1.4 கிலோவுக்குள் எடை, சந்தைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆன வடிவமைப்பு. இதற்குள் தேடினாலே போதும். 'மிலிட்டரி ஸ்டாண்டர்டு' என்ற ஸ்டிக்கரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவம் கொடுக்கும் சான்றிதழ் இல்லை. ராணுவம் வகுத்த சோதனை முறைகளில் சிலவற்றைக் கம்பெனியே செய்து பார்த்தோ, வெளியே கொடுத்துச் செய்தோ போட்டுக்கொள்ளும் லேபிள்.

சட்டம் தரும் 2 வருஷம்

வாட்ஸ்அப் குரூப்களில் யாரும் பேசாத விஷயம் இது. ஜெர்மனியில் ஒரு பொருளுக்குப் பின்னால் இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. ஜெர்மன் மொழியில் ஒன்றின் பெயர் 'கரன்டி'. இன்னொன்றின் பெயர் 'கெவேர்லைஸ்டுங்'.

கரன்டி என்பது நமக்குத் தெரிந்த வாரண்டிதான். கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்குறுதி. ஒரு வருஷம் தரலாம், மூன்று வருஷம் தரலாம். நிபந்தனைகளையும் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

கெவேர்லைஸ்டுங் அப்படியில்லை. அது சட்டம். பொருளை விற்ற கடைக்காரர் 2 வருஷத்துக்குப் பொறுப்பு. விற்கும்போதே பொருளில் இருந்த குறைக்குத்தான் இது பொருந்தும். ஆனால் 2022 ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கிய பொருள்களில், முதல் 12 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது ஆரம்பத்திலிருந்தே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "இல்லை, நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்ல வேண்டுமானால் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் பக்கம் வந்துவிடும்.

இதன்படி முதலில் ரிப்பேர் அல்லது மாற்றுப் பொருள் கேட்கலாம். அனுப்பும் செலவு உட்பட கடைக்காரருடையது. அதுவும் சரிவராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் கட்டத்துக்குப் போகலாம். கடைக்காரர் "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று கைகழுவ முடியாது. கரன்டியைப் பயன்படுத்துவதா, சட்ட உரிமையைப் பயன்படுத்துவதா என்பது வாங்கியவரின் விருப்பம்.

இன்னொன்று, ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். ஐரோப்பிய யூனியன் முழுக்க இந்த உரிமை உண்டு. நேரில் கடைக்குப் போய் வாங்கினால் இது பொருந்தாது. திரும்ப எடுத்துக்கொள்வது அந்தக் கடையின் விருப்பம்.

இந்தப் பாதுகாப்பு எதுவும் சென்னையிலோ பெங்களூருவிலோ வாங்கிக் கொண்டு போன லேப்டாப்புக்குக் கிடையாது. ஊர்க் கடைக்காரரிடம் மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு மல்லுக்கட்ட முடியாது.

மற்ற நாடுகளிலும் இதே மாதிரி ஏதோ ஒன்று உண்டு. பிரிட்டனில் 2015-ம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் அமலுக்கு வந்த 'லெமன் லா', முதல் 6 மாதத்தில் தெரியும் குறையை வாங்கும்போதே இருந்த குறையாகக் கருதுகிறது. அமெரிக்காவில் நடைமுறையில் கை கொடுப்பது பெரும்பாலும் கடையின் ரிட்டர்ன் பாலிசியும் கம்பெனி வாரண்டியும்தான். எந்த நாடாக இருந்தாலும், போகும் முன் அரை மணி நேரம் செலவழித்து இதைத் தெரிந்துகொள்வது, யூடியூப்பில் நாலு ரிவ்யூ பார்ப்பதை விடப் பயன் தரும்.

"ஆனா இங்கதானே விலை கம்மி?"

எப்போதும் இல்லை. விலையை ஒப்பிடும்போது பலரும் வரியைத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவில் லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜெர்மனியில் வாட் வரி 19 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு இடத்திலும் போட்டிருக்கும் விலையிலேயே வரி சேர்ந்திருக்கும். அமெரிக்காவில்தான் கதை வேறு; அங்கே கடையில் எழுதியிருப்பது வரிக்கு முந்தைய விலை. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி மாறும். ஒரிகன், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் அந்த வரியே இல்லை.

"ஜெர்மனியில் வாங்கிட்டு ஏர்போர்ட்டில் வரியைத் திரும்ப வாங்கிக்கலாம்" என்ற யோசனையும் சுற்றுகிறது. அது ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான சலுகை. ஜெர்மனியில் குடியிருக்கும் மாணவருக்கோ ஊழியருக்கோ அல்ல.

பண்டிகை ஆஃபர், வங்கி கார்டு தள்ளுபடி எல்லாம் போட்டால் இந்தியாவில் சில மாடல்கள் மலிவாகக் கிடைப்பது உண்மை. ஆனால் அங்கேயும் மாணவர் தள்ளுபடி உண்டு. விலை வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய் என்றால், அதைச் சட்டப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் பிரீமியமாக நினைத்துக்கொள்ளலாம்.

வாரண்டி எல்லை தாண்டுமா?

"இன்டர்நேஷனல் வாரண்டி இருக்கு சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அதை அப்படியே நம்பக் கூடாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக, ஆபீஸ்களுக்கு விற்கும் பிசினஸ் வரிசைகளுக்கு நாடு கடந்த சர்வீஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகத்துக்கான மலிவு வரிசைகளுக்கு, வாங்கிய நாட்டில் மட்டும்தான் என்ற நிபந்தனை பல நேரம் இருக்கும்.

நாடு கடந்து செல்லுபடியாகும் என்றாலும் சில கிளைக் கேள்விகள் உண்டு. டெல் லேப்டாப்பை வேறு நாட்டுக்குக் கொண்டு போனால், அந்தத் தகவலை அவர்கள் சிஸ்டத்தில் மாற்றிப் பதிவு செய்யச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் அங்கே போய் சர்வீஸ் கேட்டால் இழுபறி ஆகும். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் சர்வீஸ், வேறு நாட்டில் 'கொண்டு வந்து கொடுங்க' சர்வீஸாக மாறலாம். அந்த நாட்டில் விற்காத மாடலாக இருந்தால் பாகம் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். இந்திய கீபோர்டு உடைந்தால் அதே கீபோர்டு அங்கே ஸ்டாக்கில் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

சோதிக்க எளிய வழி: மாடல் நம்பரை வைத்து, போகப்போகும் நாட்டின் கம்பெனி இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

கீபோர்டும் ப்ளக்கும்

இந்த இரண்டைப் பற்றித்தான் பயம் அதிகம். உண்மையில் இரண்டுமே சின்ன விஷயம்.

ஜெர்மன் கீபோர்டில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். உம்லாட் எழுத்துகளுக்குத் தனிக் கீகள் இருக்கும். கோடிங் செய்கிறவர்களுக்குத்தான் உண்மையான எரிச்சல். அடைப்புக்குறி போடவே வலதுபக்க ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு எண் கீயைத் தட்ட வேண்டும். செட்டிங்ஸில் போய் ஆங்கில லேஅவுட்டுக்கு மாற்றிவிட்டால் கை பழகிய இடத்திலேயே எழுத்து விழும். கீயின் மேல் அச்சிட்டிருப்பது மட்டும் வேறாக இருக்கும். பார்க்காமல் டைப் செய்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆப்பிள் போன்ற சில கம்பெனிகளின் ஆன்லைன் கடைகளில் ஆர்டர் செய்யும்போதே ஆங்கில கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்99-ல் டைப் செய்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். விண்டோஸ், மேக் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது.

ப்ளக் இன்னும் எளிது. இந்தியாவிலும் ஜெர்மனியிலும் 230 வோல்ட்தான். அமெரிக்காவில் 120 வோல்ட் என்றாலும், லேப்டாப் அடாப்டர் எல்லாமே 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும். அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நம் ஊர் மூன்று பின் ப்ளக் ஜெர்மன் சாக்கெட்டில் நுழையாது, அவ்வளவுதான். அடாப்டரில் இருந்து சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் அங்கே வாங்கி மாற்றினால் போதும். மலிவான கன்வர்ட்டரைப் போட்டு ஓட்டினால் எர்த் இணைப்பு போய்விடும். மெட்டல் பாடியில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்று இழுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. சார்ஜர் தொலைந்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்பனைக்கு வரும் புது லேப்டாப்களுக்கு இது கட்டாயம்.

புதுசுதான் வாங்கணுமா?

இங்கேதான் நம்மவர்கள் கொஞ்சம் மனசை மாற்றிக்கொள்ள வேண்டும். 'செகண்ட் ஹேண்ட்' என்றாலே நமக்கு ஒரு தயக்கம். ஆனால் ஜெர்மனியில் கம்பெனிகள் பல, ஊழியர்களுக்கான லேப்டாப்களைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. திங்க்பேட், எலைட்புக், லாட்டிட்யூட் போன்ற பிசினஸ் மாடல்கள் அப்படித்தான் மொத்தமாக வெளியே வருகின்றன. அவற்றைச் சுத்தம் செய்து, சோதித்து விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விலை புதுசை விட வெகுவாகக் குறையும்.

ரிப்பேர் செய்ய வசதியாகக் கட்டப்பட்டவையும் பெரும்பாலும் இந்த வரிசைகள்தான். எந்த ஸ்க்ரூவை எப்போது கழற்ற வேண்டும் என்பதுவரை சொல்லும் சர்வீஸ் மேனுவலை லெனோவா, எச்பி, டெல் ஆகியவை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

முக்கியமான விஷயம், கடையில் வாங்கும் பழைய லேப்டாப்புக்கும் கெவேர்லைஸ்டுங் உண்டு. 2 வருஷத்தை 1 வருஷமாகக் குறைக்கக் கடைக்காரருக்கு அனுமதி உண்டு. அதற்குக் கீழே போக முடியாது. ஆனால் தனியாளிடம் நேரில் வாங்கினால் கதை வேறு. அவர் தன் பொறுப்பை முழுசாகவே விலக்கிக்கொள்ளலாம். ஐம்பது யூரோ மிச்சமாகும் என்று ரயில்வே ஸ்டேஷன் வாசலில் காசைக் கொடுத்து வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

பழசு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதனால் மேலே சொன்ன எக்ஸ்270 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விண்டோஸுக்கு உதவாது. லினக்ஸ் போடத் தெரிந்தவர்களுக்கு மட்டும். ரேம் பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் 16 ஜிபிக்குக் குறைவாக எடுக்க வேண்டாம். பிறகு கூட்டவே முடியாது. பழைய கம்பெனியின் பயாஸ் பாஸ்வேர்டோ நிர்வாக லாக்கோ அதில் இல்லை என்பதையும் கடைக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண்ணை மூடிட்டு மேக்புக் வாங்கலாமா?

சிலருக்கு இது நல்ல பதில்தான். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்ததில் இருந்து மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது. சத்தமில்லை, சூடு குறைவு, பேட்டரி நாள் முழுக்க வரும். ஆப்பிள் சர்வீஸ் பெரிய நகரங்கள் பலவற்றில் இருக்கிறது.

ஆனால் ரேம், ஸ்டோரேஜ் இரண்டையும் பிறகு கூட்ட முடியாது. வாரண்டிக்கு வெளியே ரிப்பேர் என்றால் பில் கனமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன படிக்கிறீர்கள் என்பது முக்கியம். மெக்கானிக்கல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ், கட்டடக்கலை மாணவர்கள் பயன்படுத்தும் ரெவிட் இரண்டுமே விண்டோஸுக்கானவை. மேக்கில் நேரடியாக ஓடாது. சேரப்போகும் துறையின் சாஃப்ட்வேர் லிஸ்ட்டைப் பார்க்காமல் எந்த லேப்டாப்புக்கும் பணம் கட்டக் கூடாது. ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் புது விண்டோஸ் லேப்டாப்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பேட்டரி அருமை, ஆனால் சில பொறியியல் சாஃப்ட்வேர்களும் பழைய டிரைவர்களும் அதில் ஒத்துழைப்பதில்லை.

ஊரிலேயே வாங்குவது யாருக்குச் சரி?

மூன்று பேருக்கு. முதலாவது, கல்விக்கடனில் லேப்டாப் வாங்குகிறவர்கள். படிப்புக்குத் தேவையென்றால் கம்ப்யூட்டர் செலவையும் கடனில் சேர்க்க, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் இடம் கொடுக்கிறது. இந்தியக் கடையின் பில்லைக் காட்டிப் பணம் பெறுவது எளிது. கையில் வேறு பணம் இல்லாதவரிடம் "அங்கே போய் வாங்கு" என்பது வெறும் அறிவுரைதான். அவர்கள் இங்கேயே வாங்கலாம். ஆனால் நாடு கடந்த வாரண்டி எழுத்தில் இருக்கும் பிசினஸ் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, நாலு மாதம் ஆறு மாதம் என்று ஆன்சைட் வேலைக்கோ எக்ஸ்சேஞ்ச் படிப்புக்கோ போய்த் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு வாழ்க்கை இங்கேதான் என்பதால் வாரண்டியும் இங்கே இருப்பதுதான் சரி.

மூன்றாவது, போன முதல் நாளே லேப்டாப் வேண்டும் என்கிறவர்கள். இவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்து, சாஃப்ட்வேர் தேவையும் தெளிவான பிறகு, இரண்டாவது மாதத்தில் நிதானமாக வாங்கலாம். பழசு பிறகு பேக்கப்பாக இருக்கும்.

அங்கே வாங்கியதை ஊருக்குக் கொண்டு வந்தால் சுங்கவரி வருமா என்ற பயமும் வேண்டாம். 18 வயது தாண்டிய பயணி ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டு வரலாம்.

லேப்டாப் நல்லா இருக்கு, ஆனா திறக்க முடியல

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இது. பல புது விண்டோஸ் லேப்டாப்களில் ஸ்டோரேஜ் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் ஏதாவது மாறினாலோ, 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்குக்குள் போக ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இந்திய சிம்முக்குப் போகும்.

ஆக, லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கிறது, தீசிஸும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் எடுக்க வழியில்லை. கிளம்பும் முன்பே ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைப்பதும், கணக்கில் இன்னொரு மெயிலையோ ஆதென்டிகேட்டர் ஆப்பையோ சேர்ப்பதும் பத்து நிமிஷ வேலை. முக்கியமான ஃபைல்களுக்கு கிளவுடில் ஒரு பிரதி, ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு பிரதி. லேப்டாப் எவ்வளவு நம்பகமானது என்றாலும் டிராமில் மறந்து வைத்துவிட்டு இறங்கினால் அது நமக்கு உதவாது.

பணம் கட்டும் முன்

- துறையின் சாஃப்ட்வேர் லிஸ்ட்டில் எந்த ஓஎஸ் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.
- அந்த மாடல், போகும் நாட்டில் விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
- எஸ்எஸ்டி, பேட்டரி இரண்டையும் தனியாக மாற்ற முடியுமா என்று சர்வீஸ் மேனுவலில் தேடுங்கள். பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்களுக்கு 10-க்கு இத்தனை என்று ரிப்பேர் மதிப்பெண் போட்டே விற்க வேண்டும். அந்த எண்ணை எந்த நாட்டில் இருந்தும் இணையத்தில் பார்க்கலாம்.
- இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் இருந்து, இரண்டிலும் சார்ஜ் ஏறினால் நல்லது. ஒன்று ஆடிப்போனாலும் மற்றது இருக்கும்.
- பில்லை ஃபோட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். சட்ட உரிமை கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

நல்ல லேப்டாப் எது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து மாடல் சொல்வார்கள். பத்துமே நல்லதாகவும் இருக்கலாம். எந்த லேப்டாப்பும் ஒரு நாள் மக்கர் செய்யும். அன்றைக்கு பில்லை எடுத்துக்கொண்டு நேராகப் போய் நிற்க ஒரு கடை அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். கம்மி விலை, பிராண்ட், ஸ்பெக்ஸ் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.